‘ஊர்க்காரன்’ என்று நான் சொன்ன நாள்

உயர்நிலை இரண்டில் படித்த ஆண்டு அது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நண்பர்களிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

“கடைசியில ஊர்க்காரனுக்கே கொடுத்துட்டாங்க பாரு. இங்கயே பொறந்து வளர்ந்தவனுக்கு ஒண்ணும் கிடையாது.”

பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டிதான் விஷயம். ஒரு பள்ளிக்கு ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு நான் போயிருந்தேன். 2018ஆம் ஆண்டுக்கு, ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த மாணவனை ஆசிரியர் தேர்ந்தெடுத்துவிட்டார். நான் சொன்னதற்கு என் மேசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எல்லாரும் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். கையில் தட்டுடன் அவன் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. காலியாக இருந்த வேறொரு மேசைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான்.

இன்று அவன் என் நெருங்கிய நண்பன். இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும், “எழுது, ஆனா பேரைப் போடாதே” என்றான். அதனால் இங்கே அவன் ‘நண்பன்’ மட்டுமே.

சிங்கப்பூரில் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு ‘ஊர்க்காரன்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. திட்டு என்று சொல்ல முடியாது, பாராட்டும் இல்லை. ‘நம்மைப் போல இருக்கிறான், ஆனால் நாம் இல்லை’ என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

நண்பனின் அப்பா தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து வந்தவர். மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் மனைவி, பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். அந்த அனுமதியில்தான் குடும்பம் வந்தது. உள்ளூர்ப் பள்ளியில் சேர, அனைத்துலக மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வை நண்பன் எழுதினான். ஆங்கிலமும் கணிதமும்தான் அதில் சோதிக்கப்படுகின்றன. வயதுக்குரிய வகுப்பைவிட ஒன்று குறைவாகத்தான் இடம் கிடைத்தது. எங்களைவிட ஒரு வயது பெரியவன், எங்களோடு உட்கார்ந்தான்.

ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வான். நாங்கள் சிரிப்போம். கடைசிப் பெஞ்சிலிருந்து யாராவது அவனைப் போலவே எழுந்து நின்று காட்டுவோம். அவன் ஆங்கிலம் பேசினால் அந்த உச்சரிப்பை அப்படியே திருப்பிச் சொல்வோம். ஒரு மாதத்திற்குப் பிறகு அவன் மற்றப் பாடங்களில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். தமிழ் வகுப்பில் மட்டும் பேசினான். அங்கே அவன் பேசினால் ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பாடவேளையும் என்னுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தாத்தா கேட்ட கேள்வி

அன்று மாலை வீட்டுக்குப் போய் தாத்தாவிடம் முறையிட்டேன். தாத்தா என் பக்கம்தான் பேசுவார் என்ற நம்பிக்கை. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் கேட்டார்:

“ஊர்க்காரன்னா, எந்த ஊரு?”

“திருச்சியாம்.”

“நம்ம ஊர்லேர்ந்து பஸ்ல போயிறலாம்.”

‘நம்ம ஊர்’ என்று அவர் சொன்னது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை. நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. 1951இல், 17 வயதில், நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலில் ஏறியவர் தாத்தா. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனதாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அடுத்து தம்பியை வரவழைப்பதாகத் திட்டம். 1953 ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது. முன்புபோல் கப்பல் ஏறி வந்து வேலை தேட முடியாது என்றாகிவிட்டது. தம்பி வரவே இல்லை. இரண்டு ஆண்டு முந்தி வந்த அண்ணன் சிங்கப்பூரரானார், வர நினைத்த தம்பி கடைசிவரை கிராமத்திலேயே விவசாயம் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் யார் ‘உள்ளூர்’, யார் ‘ஊர்’ என்பதைப் பிரித்தது அந்த இரண்டு ஆண்டுதான்.

வந்தவுடன் தாத்தா சிங்கப்பூரர் ஆகிவிடவும் இல்லை. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிற நாடுகளில் பிறந்து இங்கே குறைந்தது எட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். துறைமுகத் தொழிலாளர்களில் பலர் தயங்கினார்கள். கையெழுத்துப் போட்டால் ஊருக்குத் திரும்ப முடியாது, நிலத்தில் பங்கு போய்விடும், செத்தால் யார் காரியம் செய்வது என்று ஆயிரம் பயம். அப்போது, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவரும் திருவாரூரிலிருந்து 1924இல் வந்தவருமான கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தமிழர்களிடம் தீவிரமாகப் பிரசாரம் செய்தார். தாத்தாவின் குடியிருப்பில் எழுத்துத் தெரிந்த ஒருவர் மாலை வேளைகளில் செய்தித்தாளை உரக்கப் படிப்பாராம். “கேட்டுக் கேட்டு ஒருநாள் தைரியம் வந்துச்சு. எட்டு வருஷம் முடியட்டும்னு காத்திருந்து போய்ப் பதிஞ்சேன்” என்றார் தாத்தா.

பள்ளியில் குடியேறிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். சீனக் கூலிகள், இந்தியக் கைதிகள், புகிஸ் வணிகர்கள் என்று எல்லாரையும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நம் மக்களில் பலர் தயங்கித் தயங்கி, யாரோ வற்புறுத்தியதால் சிங்கப்பூரர் ஆனார்கள் என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததாக நினைவில்லை. சரியாகப் படிக்காமலும் இருந்திருக்கலாம்.

தாத்தா என்னைத் திட்டவில்லை. “அந்தப் பையன் நல்லாப் பேசுறானா?” என்று மட்டும் கேட்டார். “பேசுறான்” என்றேன். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். இந்தக் கதை கேட்டு அன்றே மனம் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அடுத்த இரண்டு ஆண்டும் நண்பனிடம் நான் சரியாகப் பேசியதே இல்லை. தாத்தா 2022இல் காலமானார்.

பேருந்து நிறுத்தத்தில்

2021. தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. எல்லாரும் முகக்கவசத்தோடு நடமாடிய காலம். பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசியில் தாத்தாவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நடுத்தர வயது ஆடவர் ஒருவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார். அதில் எனக்குத் தெளிவாகக் கேட்டவை இரண்டு: ‘சீக்கா’, ‘திரும்பிப் போ’.

சீக்கா என்பது 2005இல் சிங்கப்பூரும் இந்தியாவும் செய்துகொண்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் சுருக்கப் பெயர். அந்த உடன்பாடு இந்தியர் யாருக்கும் நிரந்தரவாசத்தையோ குடியுரிமையையோ தானாகத் தந்துவிடுவதில்லை. அதைப் பற்றி 2021இல் நாடாளுமன்றத்திலேயே நீண்ட விவாதம் நடந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெயர் இணையத்திலும் வெளியிலும் வசைச்சொல்லாகிவிட்டது. ஓர் ஒப்பந்தத்தின் பெயரால் மனிதரைத் திட்டலாம் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

நான் வெட்கப்படுவது அந்த ஆடவர் சொன்னதற்காக அல்ல. அப்போது என் வாயில் வந்த பதிலுக்காக.

“ஐயாம் சிங்கப்பூரியன், ஓகே? நான் இங்கே பிறந்தவன். நான் அவங்க இல்ல.”

நான் அவங்க இல்ல. யார் அந்த ‘அவங்க’? திருச்சியிலிருந்து வந்த என் வகுப்புத்தோழன். இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் என் தாத்தா. அவர் என்னைத் தள்ளியபோது நான் செய்தது இன்னொருவரை எனக்கும் கீழே தள்ளியதுதான். அவருக்கு என் பதில் புரிந்ததாகவும் தெரியவில்லை. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். கைப்பேசியில் தாத்தா, “யாருப்பா பக்கத்துல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “யாருமில்ல தாத்தா” என்றேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் இளையர்களின் மனத்தாங்கல் எல்லாமே வெறும் பொறாமை அன்று. வேலைப் போட்டி உண்மை. நேர்முகத் தேர்வில் குழுவிலிருந்த எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று யாராவது புகார் சொன்னால், அதைக் கேட்காமல் ‘நல்லிணக்கம்’ பேசி வாயை அடைப்பது சரியில்லை. நம்மை ‘தமிழே தெரியாதவர்கள்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் புதியவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அப்படிச் சொல்பவரிடம் சிரித்துக்கொண்டே நிற்க என்னால் முடியாது. ஆனால் வேலை வழங்கும் முறையைப் பற்றிய குறையை, வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்ன 15 வயதுப் பையன் மீது இறக்கி வைத்தோமே, அதற்கு எந்த நியாயமும் இல்லை.

தெக்கோங்கில்

நண்பனை மறுபடியும் சந்தித்தது 2023இல், புலாவ் தெக்கோங்கில், தலை மொட்டையாக. ஒரே பிரிவில் இருவரும் அடிப்படை ராணுவப் பயிற்சி. அவன் குடும்பம் இடையில் நிரந்தரவாசம் பெற்றிருந்தது. பெற்றோருடன் நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். சேவையாற்றாமல் அந்தத் தகுதியைக் கைவிட்டால், பிறகு இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாக அமையும்.

ஐந்து ஆண்டில் ஆள் மாறியிருந்தான். வாக்கிய முடிவில் ‘லா’ வந்திருந்தது. சார்ஜெண்ட்டுக்குத் தெரியாமல் சீன நண்பர்களிடம் ஹொக்கியன் கெட்ட வார்த்தைகளைச் சரியான தொனியில் சொல்லக் கற்றிருந்தான். ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான், அதை மேடையில் சொல்ல முடியாது என்றாலும்.

ஓரிரவு காவல் பணியில் இருவரையும் ஜோடி போட்டார்கள். சுற்றி வரும்போது பேச்சு வாக்கில் அந்தச் சிற்றுண்டிச்சாலை நாளைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான்.

“எனக்கு வலிச்சது அதுக்காக இல்லடா. நீ சொன்னது சரின்னு எனக்கே தோணிச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். திருச்சியில் அவன் படித்தது ஆங்கிலவழிப் பள்ளி. அங்கே தமிழில் அவன் சுமாரான மாணவன், எழுபது மதிப்பெண்ணைத் தாண்டியதில்லை. மேடை ஏறியதே இல்லை. “இங்க வந்தப்புறம் வேற எந்த கிளாஸ்லயும் வாயத் திறக்க முடியல. தமிழ் ஒண்ணுதான் மிச்சம். அதனால ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன். நீங்கல்லாம் நான் பெரிய தமிழ்ப் புலவன்னு நெனச்சீங்க. நான் ஊர்ல அப்படி இல்லவே இல்ல. உன் இடத்தத் திருடிட்ட மாதிரிதான் இருந்துச்சு.”

ஐந்து ஆண்டாக நான் வைத்திருந்த கணக்கு அங்கே குலைந்தது. பிறவியிலேயே தமிழ் ஊறியவன், அதனால் ஜெயித்தான் என்று நினைத்திருந்தேன். அவன் வேறு வழியில்லாமல் உழைத்திருக்கிறான். அதுவும் எங்களால். (அந்தப் போட்டியில் அவனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் அன்றிரவுதான் சொன்னான். மகிழ்ச்சியடையவில்லை என்று சொன்னால் பொய்.)

தமிழ் விஷயத்தில் உள்ளூரா, ஊரா என்ற சண்டை எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் சிங்கப்பூர் இந்தியர்கள் 2010இல் சுமார் 42 விழுக்காடு, 2020இல் சுமார் 59 விழுக்காடு. தமிழ் பேசுவோர் அதே காலத்தில் 37 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டிலிருந்து புதிய குடும்பங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, அப்படியும் இந்த இறக்கம். என் வீடு அந்த 59இல் ஒன்று. தாத்தா போனபிறகு அம்மாவும் அப்பாவும் நானும் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறோம்.

நண்பன் வீட்டுக்கு இப்போது அடிக்கடி போகிறேன். அங்கே அவன் தங்கை, தொடக்கநிலை ஐந்து, அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். “இன்னும் அஞ்சு வருஷத்துல இவளும் உங்கள மாதிரிதான் தம்பி” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அவன் அம்மா. அது பாராட்டா என்று கேட்கவில்லை, அவர் ஊற்றித் தந்த சாம்பாரை மட்டும் சாப்பிட்டேன். ஒருமுறை நான் அவரிடம் “பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டபோது, ஏதோ பழைய இலக்கியத்திலிருந்து எடுத்துப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இங்கே எல்லாரும் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம் என்றேன். இப்போது அவரும் அப்படியே கேட்கிறார்.

அரசாங்கப் பட்டியல்களில் எங்கள் இரு குடும்பங்களுக்கும் உள்ள உறவும் வேடிக்கையானதுதான். 1989இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்கீழ் ஒவ்வொரு வீவக புளோக்கிலும் இன விகித வரம்பு உண்டு. அதில் அவர்களும் நாங்களும் ‘இந்தியர், மற்றவர்கள்’ என்ற ஒரே பெட்டியில். ஆனால் 2010இல் நிரந்தரவாசிகளுக்கு என்று இன்னொரு வரம்பும் வந்தது: புளோக்குக்கு 8 விழுக்காடு, வட்டாரத்துக்கு 5 விழுக்காடு. மலேசிய நிரந்தரவாசிகளுக்கு அது கிடையாது. ஜோகூரிலிருந்து வந்த தமிழருக்கு இல்லாத வரம்பு திருச்சியிலிருந்து வந்த தமிழருக்கு உண்டு. நண்பனின் அப்பா வீடு தேடியபோது பிடித்த இரண்டு வீடுகள் இந்த வரம்பால் கைநழுவின. புதியவர்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். வீடு தேடி அலைபவருக்கு அது ஆறுதல் தராது. என்றாலும் இந்தக் கொள்கை தேவை என்பதே என் கருத்து. அவர்கள் மின்தூக்கியில் மலாய்ப் பாட்டியோடும் சீன அங்கிளோடும் ஏறி இறங்குவதால்தான் தங்கை பள்ளிக்கு முன்பே ‘மக்கான்’ என்ற சொல்லைக் கற்றாள்.

‘நான் உங்களுக்கு சீனியர்’

இதுவரை எழுதியதெல்லாம் தங்கிவிட அனுமதி உள்ளவர்களின் கதை. கடந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபிறகு நானும் நண்பனும் ஒரு தொண்டூழியக் குழுவில் இணைந்தோம். ஞாயிறு பிற்பகல்களில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லித் தருவோம். அங்கே இராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் தவறாமல் வருவார். கட்டுமானத் தளத்தில் வேலை. பாதுகாப்பு அதிகாரியிடம் தானே நேரடியாகப் பேச வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் நாள் நண்பனிடம் கேட்டார். “தம்பி எப்ப சிங்கப்பூர் வந்தீங்க?”

“2018 அண்ணே.”

“அப்ப நான் உங்களுக்கு சீனியர். நான் 2009.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியவர் அவர், நேற்று வந்தவன் இவன், ஆனால் குடியுரிமை விண்ணப்பப் படிவம் இவன் கையில்தான் இருக்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். முன்பு இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்று உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலையில் அதை நீக்கி, 63 வயதுவரை வேலை செய்யலாம் என்றார்கள். அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சிதான், மகளின் கல்லூரிச் செலவைச் சமாளித்துவிடலாம். அதாவது அவர் இந்த மண்ணில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்துவிட்டு, வந்தபோது இருந்த அதே நிலையில் விமானம் ஏறலாம்.

2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரில் 60.4 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 18.6 லட்சம் பேர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். ‘குடியேறியவர்களின் ஒருங்கிணைப்பு’ என்று நாம் மேடைகளில் பேசும்போது, அண்ணனைப் போன்றவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் குடியேறியவர்களாகவே கருதப்படுவதில்லை. 2020இல் தொற்றுக் காலத்தில் தங்கும் விடுதிகளில் இருந்த 300,000க்கும் மேற்பட்டோர் வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தபோது இந்த வேறுபாடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும், 2022 ஜூனிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்கள் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதே தேக்காவில் நான் கைவீசிக்கொண்டு நடந்து போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கதவை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று எழுதுவது எளிது. இந்தத் தீவின் அளவும் எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் புதிதாகக் குடியுரிமை பெறுகிறார்கள், அதற்கே எவ்வளவு புகைச்சல் என்பதையும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஆனால் பதினாறு ஆண்டு இங்கே வாழ்ந்தவருக்கு ஏதாவது ஒரு படிக்கட்டாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூட்டை தூக்க வந்த என் தாத்தாவிடம் 1957ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எட்டு ஆண்டு இருந்தாயா, விசுவாசமாக இருப்பாயா என்றுதான் கேட்டது. இன்றைய விதிகளின்படி என் தாத்தாவால் சிங்கப்பூரர் ஆகியிருக்க முடியாது. நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

நண்பனின் குடியுரிமை விண்ணப்பத்திற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ‘சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்’ என்ற திட்டத்தை முடிக்க வேண்டும்: இணையப் பாடம், வரலாற்று இடங்களுக்கு ஒரு சுற்றுலா, சமூகத்தினருடன் கலந்துரையாடல். இணையப் பாடத்தை முடித்த உற்சாகத்தில் என்னிடம் பத்துக் கேள்வி கேட்டான். ஆறுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. “உன்னத் திருப்பி அனுப்பிருவாங்க” என்றான்.

இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, சிங்கப்பூரும் தருவதில்லை. பழைய கடப்பிதழை ஒப்படைத்தாக வேண்டும். இதைத் திருச்சியில் இருக்கும் அவன் அப்பத்தாவிடம் கைப்பேசியில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப நீ இனிமே நம்ம வீட்டுக்கு விசா வாங்கிட்டுத்தான் வருவியா?” துறைமுகக் குடியிருப்பில் செய்தித்தாள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பயமும் ஏறக்குறைய இதுதான். நண்பன் பதில் சொல்லத் தடுமாறினான். “அப்பத்தாவுக்குன்னா சும்மாவே விட்ருவாங்க அப்பத்தா” என்று நான் குறுக்கே புகுந்து ஏதோ உளறினேன். யாரு அது என்று கேட்டார். சிங்கப்பூர்ல என் கூடப் படிச்ச பையன் என்றான் நண்பன். “அவன் எந்த ஊரு?” என்றார் அப்பத்தா. பட்டுக்கோட்டைப் பக்கம் என்று என்னை முந்திக்கொண்டு அவனே சொன்னான்.

கட்டுரையின் வரைவை அவனுக்கு அனுப்பினேன். ஒன்பது ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறான். கீழே ஒரு வரி: “போட்டி விஷயத்துல இன்னும் கோவமா இருக்க போல.”

கொஞ்சம்.